படம் ஒரு ஃபைல், சத்தம் ஒரு ஃபைல்

எழுதிப் பழக்கம் இல்லாதவள் எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதலில் அதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் நின்று பேசும் இடத்தில் ஐந்தாவதாகப் போய் நிற்கவே கூச்சப்படுகிறவள். கழுத்து வலி வந்து எடிட்டிங் வேலையை விட்ட பிறகு ஸ்டுடியோப் பக்கம் வருவதையும் நிறுத்திக்கொண்டேன். நீங்கள்தான் தேடி வந்து, புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் மேடம் என்றீர்கள். பேச வராது என்றேன். சரி, எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். உங்களுக்கு நான் தொழில் சொல்லித் தருவது அதிகப்பிரசங்கித்தனம். அதனால் எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்பதையெல்லாம் விட்டுவிட்டு, ஒரே ஒரு வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் கடை இருந்தது. கடைக்காரரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். கேமரா அவர் கையில், கம்ப்யூட்டர் என் கையில். கல்யாண வீடியோ எல்லாம் நாங்களே வெட்டி ஒட்டிக் கொடுத்துவிடுவோம். தொழிற்சாலைக்காரர்கள் வெளிநாட்டு ஆட்களுக்குக் காட்டப் படம் கேட்டால் மட்டும் பெங்களூரில் ஒரு பெரிய ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கள் சாஃப்ட்வேர் வேறு, அவர்களுடையது வேறு. எங்கள் ஃபைல் அங்கே திறக்காது, அவர்கள் ஃபைல் இங்கே திறக்காது. இரண்டுக்கும் நடுவில் மாற்றிக் கொடுப்பதுதான் என் வேலை.

ஹார்ட் டிஸ்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவேன். பள்ளத்தில் பஸ் குதிக்கும்போதெல்லாம் டிஸ்கைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். செக்போஸ்ட்டில் ஏறிய போலீஸ்காரர் ஒருமுறை, "ஏனம்மா இது? கொழந்தையா?" என்று பாதிக் கன்னடத்தில் கேட்டார். கன்னடத்தில் ஏனு என்றால் என்ன. பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர்தான், "கல்யாணப் பொண்ணு உள்ள இருக்குது சார், வுடுங்க" என்று காப்பாற்றினார்.

அந்தக் காலத்துப் பழக்கம் இரண்டை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, முகூர்த்த மாதத்தில் டேப் கிடைக்காது. கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்ததும் அதே டேப்பில் அடுத்த கல்யாணத்தை எடுத்துவிடுவோம். இரண்டாவது, படம் எடுக்கும் இடத்திலேயே பதிவான சத்தத்தை நாங்கள் மதிப்பதே இல்லை. ஜெனரேட்டர் இரைச்சல், பந்தியில் பாத்திரச் சத்தம், யாரோ யாரையோ திட்டுவது, இவ்வளவுதான் அதில் இருக்கும் என்று எண்ணம். மேலே பாட்டைப் போட்டு மூடிவிடுவோம். பெண்ணின் தாய் வந்து, "தாலி கட்டறப்ப எங்க மாமனாரு ஏதோ சொன்னாரே, அது கேக்கலயே" என்றால், "சத்தம் சரியா விழலம்மா" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவோம். வாரத்துக்கு ஒரு முறையாவது சொன்ன பொய் அது. அதைப் பொய் என்று நினைத்ததுகூடக் கிடையாது.

ஒரு ஆடி மாதம், தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப்பில் அண்ணா படம் எடுத்தார். தகட்டை வைத்தால் மேலிருந்து இரும்பு இறங்கி அதை வளைத்துத் தரும் மிஷின்கள். கை உள்ளே போகாமல் தடுக்க முன்னால் ஒரு கம்பி வலை இருக்கும். கார்டு என்பார்கள். பெங்களூர்க்காரர்கள் இங்கிலீஷ் பேச்சும் பாட்டும் சேர்த்துப் படத்தை முடித்துக் கொடுத்தார்கள். கம்பெனிக்கு ரொம்பத் திருப்தி. ஆவணி பிறந்ததும் அந்த டேப்பில் வழக்கம்போல தளியில் நடந்த ஒரு கல்யாணத்தை எடுத்துவிட்டோம். எங்கள் டிஸ்கிலிருந்தும் அழித்தாயிற்று.

கார்த்திகைக் குளிரில் ஒரு பெண் சால்வையைப் போர்த்திக்கொண்டு மாடி ஏறி வந்தார். பெயர் சாந்தா, மத்தூர்ப் பக்கம். பின்னால் படியிலேயே நின்றுகொண்டான் அவர் தம்பி மாதேஷ். வலது கையைத் துண்டால் மூடியிருந்தான்.

"ஏம்மா, கம்பெனில படம் புடிச்ச கட இதுதான?" என்று என்னைக் கேட்டார். நான் அண்ணாவைக் காட்டினேன்.

"என் தம்பிக்கு ஆவணி மாசம் மிஷின்ல கை மாட்டி வெரலெல்லாம் போயிடுச்சுங்க. கார்ட இவனே கழட்டிட்டான், இவன் தப்புன்றாங்க. அவனா கழட்டியிருந்தா நஷ்டஈடு கெடையாதாம், வேலையும் கெடையாதாம். கிருஷ்ணகிரில சர்க்கார் ஆபீசரு விசாரணை வெச்சிருக்காரு. நீங்க புடிச்ச படத்துல கார்டு இல்லாமத்தான் ஓட்டறான்னு கூட வேல செய்யற பையன் சொன்னான். கம்பெனிக்குத் தெரிஞ்சுதான ஓட்டியிருக்காங்க?"

"படத்துக்காகக் கழட்டி, முடிஞ்சதும் மாட்டிட்டோம்னு சொல்லுவாங்களேம்மா" என்றார் அண்ணா.

"அதத்தாங்க சொல்றாங்க. அதான் நீங்க புடிச்சது முழுசும் வேணும். முடிஞ்சப்பறம் இன்னா நடந்துச்சுன்னு இருக்குமில்ல?"

அண்ணா கொஞ்சம் தணிந்த குரலில், "உங்க ஊட்டுக்காரரு அங்க சூப்பர்வைசர்தானே? அவரு சொல்லலாமே" என்றார்.

"அவரு படம் புடிச்ச அன்னிக்கி பக்கத்து ஷெட்ல இருந்தாராம். கழட்டனதப் பாக்கலன்றாரு. கம்பெனி எழுதிக் குடுத்ததுல கையெழுத்து மட்டும் போட்டுட்டாரு. போடலன்னா அவரு வேலையும் போயிடும். தம்பியும் எங்க ஊட்லதான் இருக்கறான், எல்லாரும் எங்க போறது?"

அண்ணா தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். கம்பெனிப் படத்தை வெளி ஆளுக்குக் கொடுத்தால் அந்தப் பக்கமே இனி வேலை கிடைக்காது. மறுப்பார் என்று நினைத்தேன். "பாக்கலாம்மா, பெங்களூர்ல இருக்குதான்னு கேட்டு வாங்கித் தரேன்" என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பெங்களூர்க்காரர்கள் இன்னும் அழிக்காமல் வைத்திருந்தார்கள். நான் போய் டிஸ்கில் வாங்கி வந்தேன். அவர்கள் சாஃப்ட்வேரில் படம் ஒரு ஃபைலாகவும் சத்தம் இன்னொரு ஃபைலாகவும் தனித்தனியே இருக்கும். படத்தை எங்கள் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றி, சத்தத்தையும் மாற்றி, இரண்டையும் சேர்த்து, பிறகு சாதாரண வீடியோ கேசட்டில் பதிய வேண்டும். விசாரணை செய்கிறவரிடம் டி.வி.யும் டெக்கும் இருக்குமே தவிர கம்ப்யூட்டர் இருக்காது. பத்து நிமிடப் படத்தை மாற்ற அன்று அரைப் பகல் போகும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். போனது.

விசாரணைக்கு முந்தின நாள் மதியம் படம் மட்டும் தயாராகியிருந்தது. சத்தத்தை நான் இன்னும் தொடவில்லை, கேட்கவும் இல்லை. அப்போது அக்காவும் தம்பியும் வந்துவிட்டார்கள். சாந்தா என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஆனவரைக்கும் காட்டும்மா" என்றார். காட்டினேன்.

கடைசிப் பகுதிக்கு வந்தோம். மிஷின் நிற்கிறது. மாதேஷ் எழுந்து, சுவரோரம் இருந்த கார்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மிஷினுக்கு வருகிறான். நிற்கிறான். கேமராவில் தெரியாத ஒரு பக்கம் திரும்பிப் பார்க்கிறான். பிறகு கார்டைக் கொண்டுபோய்ச் சுவரோரமே சாத்துகிறான். வந்து உட்கார்ந்து தகட்டை எடுக்கிறான். மிஷின் இறங்குகிறது. அவ்வளவுதான், படம் முடிந்துவிட்டது.

சாந்தாவின் முகம் சுருங்கிப்போனது.

"ஏன்டா, நீயேதான் எடுத்து வெக்கற?"

மாதேஷ் துண்டை இழுத்துக் கையை இன்னும் மூடிக்கொண்டான்.

"மாட்டத்தான வந்த? அப்பறம் ஏன்டா போய் வெச்ச? எருமமாடு! நாலு மாசமா நாயா பேயா அலையறன், எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"போலாம் வாக்கா. இந்தப் படமே வேணா."

நான் மெதுவாக, "இதுக்குச் சத்தம் தனியா இருக்குதுக்கா. இன்னும் சேக்கல" என்றேன். சாந்தா உடனே நிமிர்ந்தார்.

மாதேஷ் அப்போதுதான் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தான். "அந்த மிஷின் சத்தத்துல பேசறது எல்லாம் கேக்காதுங்க. சரியா வராது, இல்லீங்களா?" என்றான்.

கேள்வியாகத்தான் கேட்டான். நான் அதைத் தொழில் சம்பந்தமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டேன். மூன்று நாள் பாடுபட்டு மாற்றியவளுக்கு இருக்கும் ஒரு சின்னப் பெருமை. "வரும். அண்ணா நல்ல மைக் வெச்சுத்தான் எடுப்பாரு. தெளிவாவே வரும்" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சத்தத்தை மாற்ற அதிக நேரம் ஆகவில்லை. சேர்ப்பதில்தான் சிரமம். இரண்டு ஃபைலும் ஒரே இடத்தில் தொடங்கினாலும் போகப் போகச் சத்தம் பின்தங்கும். கல்யாணப் படமாக இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இங்கே அப்படி விட முடியாது. அவன் கார்டைச் சாத்துவதற்கு முன் யாராவது பேசியிருந்தால், அந்தப் பேச்சு முன்னால்தான் கேட்க வேண்டும். ஒரு விநாடி தள்ளிப் போனாலும் அவன் தானாக வைத்த பிறகு பேசியதாக ஆகிவிடும். மிஷினின் இரும்பு தகட்டில் இடிக்கும் படத்தையும், அந்த 'டங்'கையும் ஒவ்வொரு இடமாகப் பொருத்திக்கொண்டே போனேன். அதில் முழுகிப் போனதால், சத்தத்தை மட்டும் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. பொருத்தி முடித்ததும், "இப்பப் பாருங்கக்கா" என்று ஓடவிட்டேன்.

முதலில் கேட்டது அண்ணாவின் குரல். "சார், இந்த வல குறுக்க நிக்குது. லைட்டு பட்டா பளபளங்குது, உள்ள ஒண்ணும் தெரியல. கழட்டிட்டா படம் நல்லா வரும்."

அதற்கு ஒரு ஆண் குரல். "ஏ மாதேஷு, கார்ட கழட்றா."

"பெரிய சார் பாத்தா திட்டுவாரு மாமா."

"நான் இருக்கறன் இல்ல? கழட்டு."

சாந்தா அசையவில்லை. அது அவர் கணவர் குரல் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நிறுத்த நினைத்தேன். கை மவுஸ் மேல் இருந்தது, நிறுத்தவில்லை. நடுவில் நிறுத்தினால் அது இன்னும் மோசம் என்று தோன்றியது. படம் ஓடியது. கடைசிப் பகுதி வந்தது. மாதேஷ் கார்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"மாமா, இத மாட்டிட்டு ஒக்காரட்டுமா?"

"அது கெடக்கட்டும் வுடு. இன்னிக்கி அது இல்லாம எத்தன பீஸ் ஓடுச்சு பாத்த இல்ல? லோடு போவணும். ஆயுத பூஜக்கித் தொடச்சி, பொட்டு வெச்சி மாட்டிக்கலாம்."

யாரோ சிரித்தார்கள். அண்ணாவும் சிரித்தது கேட்டது. மாதேஷ் போய்க் கார்டைச் சாத்தினான். சரியான இடத்தில், சரியான விநாடியில்.

கீழே பஸ் ஸ்டாண்டில், "கெலமங்கலம், கெலமங்கலம்" என்று கூவிக்கொண்டிருந்தார்கள்.

"பக்கத்து ஷெட்ல இருந்தேன்னாரே" என்றார் சாந்தா, யாரிடமும் இல்லாமல்.

"அக்கா, மாமாவும் வேணும்னு சொல்லலக்கா. லோடு அவசரம்."

"ஒனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு. நாலு மாசம் அவருக்கு எதுர ஒக்காந்து சோறு துன்ன."

"நீ போட்ட, துன்னன்."

"வாயி!" என்று கையை ஓங்கினார். துண்டு சுற்றிய கை அவர் கண்ணில் பட்டது. ஓங்கிய கையை இறக்கிக்கொண்டார்.

அண்ணா சாப்பாடு முடித்து மாடி ஏறி வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. கார்டைக் கழற்றச் சொன்னது தான்தான் என்பது அவருக்கு முதல் நாளே தெரியும். அதனால்தான் மறுக்காமல் வாங்கித் தந்திருக்கிறார். பெங்களூரில் சத்தத்தை அழித்துவிட்டிருப்பார்கள் என்று நம்பியிருக்கிறார்.

"என்னம்மா பண்ணலாம்?" என்றார். "சத்தம் இல்லாம ஒண்ணு, சத்தத்தோட ஒண்ணு, ரெண்டாவே போட்டுத் தரச் சொல்லட்டா?"

சத்தம் இல்லாத கேசட் மாதேஷுக்கு எதிராகவே பேசும். சத்தம் உள்ள கேசட் அவனைக் காப்பாற்றும், அக்காள் புருஷனை மாட்டிவிடும், அண்ணாவையும் இழுக்கும். எங்கள் நான்கு பேருக்கும் அது தெரிந்திருந்தது.

சாந்தா சால்வையைச் சரிசெய்துகொண்டார். "சத்தம் இல்லாதது எதுக்குங்க? இருக்கறது இருக்கறபடியே குடுங்க. ஒண்ணு போதும்" என்றார். பிறகு, "மொகம் கழுவணும், தண்ணி எங்கம்மா?" என்று கேட்டுக் கீழே போனார். அண்ணாவும், டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று இறங்கிவிட்டார்.

கேசட் பதிவாகிக்கொண்டிருந்தது. மாதேஷும் நானும் மட்டும் இருந்தோம்.

"சத்தம் கெட்டுப் போச்சுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமிங்க" என்றான்.

"எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாதுதான். உங்களச் சொல்லி இன்னா?" என்றான். கோபமே இல்லை அந்தக் குரலில். "எங்கக்கா இனிமே எப்பிடிங்க அந்த ஊட்ல இருக்கும்?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூச்சம் என்று பேர் வைத்துக்கொண்டேன். அப்போது ஏதாவது சொல்லியிருக்கலாம். "உன் பேரிலும் நாலு பேருக்கு அக்கறை இருக்கிறது, உண்மையைச் சொல்லு" என்றாவது சொல்லியிருக்கலாம். கேசட்டின் மேல் ஒட்டும் தாளில் என்ன எழுதுவது என்று யோசிப்பது போல உட்கார்ந்திருந்தேன்.

இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் சாஃப்ட்வேரில் ஒரு ஃபைலை மாற்றப் போனால், சத்தம் வேண்டுமா என்று அதுவே கேட்கிறது. ஒரு டிக்கை எடுத்துவிட்டால் போய்விடும். வேண்டாம் என்று எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, தனியாக, முழுசாக ஒருமுறை கேளுங்கள். அடுத்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நீங்களும் முதல்முறையாகக் கேட்கக் கூடாது. பாதி மாற்றிய படத்தை, எவ்வளவு கெஞ்சினாலும், யாருக்கும் காட்டாதீர்கள். நாம் பாதி வேலை என்று நினைப்பது, பார்க்கிறவருக்கு முழு உண்மையாக மனதில் பதிந்துவிடும்.

நான் முன்னாடியே கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சத்தத்தை அழித்திருக்க மாட்டேன், அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். முதலில் மாதேஷைத் தனியாகக் கூப்பிட்டு, "இதில் இவ்வளவு இருக்கிறது, அக்காவிடம் நீயே சொல்கிறாயா?" என்று கேட்டிருப்பேன். அவன் வாயால் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் வேறு மாதிரிப் பேச்சு நடந்திருக்கலாம். அந்த மாமாவே மனம் மாறி வந்திருக்கவும் கூடும். நடந்திருக்காமலும் போயிருக்கலாம். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியது அவர்கள். நான் மிஷின் சத்தத்தைப் பொருத்துவதிலேயே குறியாக இருந்து, அவர்களுக்கு அந்த நேரத்தைக் கொடுக்காமல் போய்விட்டேன். வேலை சுத்தமாக இருந்தது. என் தொழிலில் அதைவிடச் சரியாக நான் எதையும் பொருத்தியது கிடையாது.

மறுநாள் காலை, படம் எடுத்தவர் என்ற முறையில் அண்ணாவும் அவர்களோடு பஸ்ஸில் கிருஷ்ணகிரிக்குப் போனார். கேசட்டை சாந்தா தம்பியிடம் கொடுத்து, அண்ணாவோடு உள்ளே அனுப்பினாராம். மாதேஷ் அதைப் பையிலிருந்து எடுக்கவில்லை. கார்டைத் தானே கழற்றியதாகச் சொன்னான், எழுதிக்கொண்டார்கள். அண்ணாவை யாரும் எதுவும் கேட்கவில்லை, அவரும் எதுவும் சொல்லவில்லை. சாந்தா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.